நோய்க் காவல் யாரை நோக்கி: மண்டபம், ஸ்காபரோ, ஒட்டாவா

பொதுச் சுகாதாரத்தில் நாடுகள் கைகோத்தது மனித நேயத்தால் என்பது பாடநூல்களுக்குப் பிடித்த கதை. 1851இல் பாரிஸில் கூடிய முதல் சர்வதேசச் சுகாதார மாநாட்டின் கவலை வேறு. வாந்திபேதிக்கு அஞ்சிக் கப்பல்களை நாள்கணக்கில் துறைமுகத்தில் மறித்துவைத்ததால் வணிகத்துக்கு நட்டம். நோயும் நுழையக்கூடாது, சரக்கும் தேங்கக்கூடாது. இதற்கு ஒரு பொது ஒப்பந்தம் கைகூட 1892 வரை ஆயிற்று. நோய் கிழக்கிலிருந்தே வருகிறது என்ற எண்ணத்தில் மட்டும் ஐரோப்பிய அரசுகளுக்குள் பிணக்கு குறைவு.

கிழக்கை நோக்கிய இந்தக் காவலைத் தமிழர் மண்டபத்தில் பட்டறிந்தவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளரை வாந்திபேதி, அம்மை, பிளேக் அச்சத்தால் நிறுத்திவைத்த முகாம் அது. முன்பு தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் இருந்தது. நிலம் இந்தியாவுடையது, நடத்தியது இலங்கை அரசு. ஒத்துழைப்பு என்ற சொல் அங்கே இரு நிர்வாகங்களுக்குப் பொருந்தும். வரிசையில் நின்றவர்களை யாரும் கேட்கவில்லை.

2003இல் காவல் திசை மாறியது. ஹொங்கொங்கின் மெட்ரோபோல் விடுதியில் தங்கித் திரும்பிய, ரொறன்ரோவின் ஸ்காபரோவைச் சேர்ந்த ஒருவருடன் சார்ஸ் கனடாவுக்கு வந்தது. அதே குடும்பத்தின் இன்னொருவர் வழியே ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனைக்குள் புகுந்தது. நான் இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரம்தான். ஏப்ரல் 23இல் உலகச் சுகாதார நிறுவனம், அவசியமில்லையேல் ரொறன்ரோவுக்குப் போகாதீர்கள் என்றது. ஒன்ராறியோவின் சுகாதார அமைச்சர் ஜெனீவாவுக்கே பறந்து முறையிட்டார். ஒரு வாரத்துக்குள் அறிவிப்பு நீங்கியது. கனடாவில் சார்ஸால் இறந்தோர் 44 பேர்.

அன்று நடைமுறையில் இருந்த 1969ஆம் ஆண்டு சர்வதேசச் சுகாதார விதிகள் வாந்திபேதி, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றை மட்டுமே அறிந்திருந்தன. பட்டியலில் இல்லாத நோயை அறிவிக்கும் கடமை எந்த அரசுக்கும் இல்லை. கனடாவில் உருவான ஜிபின் என்ற செய்தித் துழாவல் அமைப்பு 2002 நவம்பரிலேயே சீனத்தின் தெற்கில் பரவிய காய்ச்சலின் தடயத்தைப் பிடித்திருந்தது. சீன அரசு வாய்திறந்தது 2003 பெப்ரவரியில். 2005இல் ஏற்கப்பட்ட புதிய விதிகள் இந்த ஓட்டையை அடைத்தன: பட்டியலுக்குள் மட்டும் என்ற வரம்பு போயிற்று, அரசு சாராத தகவலையும் நிறுவனம் கையிலெடுக்கலாம். இவ்விதிகளுக்கு ஜெனீவாவைத் தாயகம் என்பதைவிட ஸ்காபரோவையும் ஹொங்கொங்கையும் சொல்வதே சரி.

ஆனால் அவ்விதிகளின் 43ஆம் உறுப்பு நொண்டுகிறது. கூடுதல் பயணத் தடை விதிக்கும் நாடு அதற்கு அறிவியல் காரணம் காட்டவேண்டும் என்கிறது அது. காட்டாவிட்டால் தண்டனை ஏதுமில்லை. 2021 நவம்பர் 24இல் தென்னாப்பிரிக்கா ஒமிக்ரோன் பற்றி நிறுவனத்துக்கு அறிவித்தது. மறைக்காமல் சொன்னதற்குப் பலன், இரண்டே நாளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த ஏழு நாடுகள் வழியே வந்த வெளிநாட்டவருக்குக் கனடா கதவடைத்தது. 2003இல் பயண எச்சரிக்கைக்கு எதிராக முறையிட்ட அதே கனடா! அவசரத்தில் அரசுக்குத் தற்காப்புரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை; அந்த உரிமைக்கு ஆதாரம் எங்கே என்பதே கேள்வி. சொல்பவருக்கு இதுவே கூலி என்றால் அடுத்தவர் ஏன் சொல்லவேண்டும்?

நவம்பர் 28இல் ஒட்டாவாவில் உறுதியான கனடாவின் முதல் இரு ஒமிக்ரோன் தொற்றாளர்கள் நைஜீரியா சென்று வந்தவர்கள். அந்த ஏழு நாடுகளில் நைஜீரியா இல்லை.