காடென்று படத்தில் விழுந்த நிலம்

1956ஐ நாம் தனிச்சிங்களச் சட்டத்தின் ஆண்டாகவும் கல்லோயாக் கொலைகளின் ஆண்டாகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆண்டில் இலங்கைத் தீவு 1:40,000 அளவுத்திட்டத்தில் ஆகாயத்திலிருந்து படம்பிடிக்கப்பட்டது என்பது நம்மவர் எழுத்தில் அநேகமாக இடம்பெறுவதில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கிடைத்த கனடிய உதவி அது. அதில் ஈடுபட்ட ஹன்ரிங் சேவே கோர்ப்பரேஷன் நாம் வாழும் இந்த ரொறன்ரோவின் நிறுவனம். 1961இல் காட்டுக் கணக்கெடுப்பும் 1962இல் மகாவலி வடிநில வள அறிக்கையும் வெளிவந்தன. 1956இல் நாட்டின் 44 சதவீதம் காடு என்று இன்றும் எல்லோரும் எடுத்தாளும் எண் இவ்வழி வந்ததே.

ஆனால் எது காடு? சேனை செய்து ஐந்தாறு வருடம் ஆறப்போட்ட நிலமும் எவரும் தொடாத பற்றையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பயிரிடப்படாத நிலத்தையெல்லாம் முடிக்குரியது என்று ஊகித்துக்கொண்டது. வெள்ளைக்காரன் காகிதத்திற் செய்த ஊகம் இப்போது படமாகவும் கிடைத்தது. வெற்றுக் காட்டிற் குடியேற்றினால் யாருக்கு நட்டம் என்ற வாதத்திற்கு இதைவிட வசதியான சான்று வேறில்லை.

கருவி அதோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் உருமறைப்பைக் கண்டுபிடிக்கவென்று உருவான செந்நிறக்கீழ்ப் படச்சுருளை 1970இல் பிஷரடி கேரளத் தென்னைகளின் மேலே ஹெலிகொப்டரில் கொண்டுபோனார். வேர்வாடல் நோய் கண்ட மரங்கள் படத்தில் வேறாகத் தெரிந்தன. வெப்பப் படம் இன்னொரு படி மேலே. அது வெயிலின் தெறிப்பைப் பார்ப்பதில்லை. இலை தானே வெளிவிடும் 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் அலைநீளக் கதிரைப் பார்க்கிறது. நீர் கிடைக்கும் பயிர் ஆவியுயிர்ப்பால் குளிர்ந்திருக்கும். நீர் குறைந்தால் இலைவாய் மூடி, வாடல் கண்ணுக்குத் தெரியுமுன்பே இலை சூடேறிவிடும். 1981இல் அரிசோனா ஆய்வாளர் இதைப் பயிர் நீர்நெருக்கடிச் சுட்டியாக்கினர். ஈரமண்ணும் பகலிற் குளிர்ந்தே காணும். எனவே தூர்ந்துபோன வன்னிக் குளமொன்றின் அடி, பற்றைக்குள்ளிருந்தும் தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

காட்டிக்கொடுப்பது குளத்தை மட்டுமல்ல. போர்க்காலத்தில் வன்னிக்கு மேலே சுற்றிய ஆளில்லா விமானத்திற்குச் சனம் வைத்த பெயர் ‘வண்டு’. இரவில் மரத்தின் கீழிருந்து சமைத்தவர்களுக்கு வெப்பப் படவியல் பற்றி விரிவுரை தேவைப்படவில்லை. (தொழில்நுட்பம் நடுநிலையானது என்று நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் நண்பர்கள் இதையும் கணக்கிற் சேர்க்கட்டும்.)

இருந்தாலும் 1956இன் படங்களை எதிரியின் சொத்தென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தாயகம் பற்றிய நமது வாதங்கள் கல்வெட்டிலும் வைபவமாலையிலும் குடிசன மதிப்பீட்டிலுமே சுழல்கின்றன. வயலும் குளக்கட்டும் வண்டிப்பாதையும் குடியேற்றங்களுக்கு முன் எங்கே இருந்தன என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. படம் பேசும் மொழி தமிழா சிங்களமா என்று கேட்டாற் பதிலில்லை. நமக்கு உவப்பில்லாத கிராமங்களும் அதில் இருக்கும். 1984இல் மணலாற்றிலிருந்து துரத்தப்பட்டவர்களில் முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். படத்தாளை அவர்கள் முன் விரித்து, ‘காடு’ என்று குறித்த இடத்தில் எது யாருடைய சேனை, எந்த வருடம் ஆறப்போட்டது என்று கேட்டு எழுதும் வேலையை இந்த நகரிலேயே தொடங்கலாம்.