மூலக்கூறுக் காட்சி மென்பொருள்களில் அணுக்களின் தெரிநிலை

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளில் எந்த அணு தெரிகிறது என்பதை மூன்று வகையாகக் கணிக்கலாம். அணுவை வரையும்படி பயனர் கேட்டிருக்கிறாரா என்பது முதல் வகை. முன்னால் நிற்கும் அணு அதை மறைக்கிறதா என்பது இரண்டாவது. மூலக்கூறின் புறப்பரப்பில் அது திறந்திருக்கிறதா என்பது மூன்றாவது. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளிலிருந்து எழுந்தவை.

கோட்டுப் படங்கள்

1960களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவிந்தால் குழுவினர் புரத அமைப்புகளைக் கணினித் திரையில் சுழற்றிக் காட்டினர். அத்திரை கோடுகளை மட்டுமே வரைந்தது. கோட்டுக்குப் பின்னால் எதுவும் மறையாததால் எல்லா அணுக்களும் ஒருங்கே தெரிந்தன. எது முன், எது பின் என்பதைப் படத்தைச் சுழற்றித்தான் உணர முடிந்தது.

மறைப்பு

அணுக்களைத் திண்மக் கோளங்களாக வரைய முனைந்தபோது மறைப்புச் சிக்கல் எழுந்தது. 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் விளக்கிய இசட்-பஃபர் முறை, ஒவ்வொரு பிக்சலிலும் மிக அருகிலுள்ள பொருளின் ஆழத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பின்னால் வருவதை விட்டுவிடுகிறது. பின்னாளில் இது வரைகலை அட்டைகளிலேயே இடம்பெற்றது. 1977இல் பெல் ஆய்வகத்தின் கென் நோல்டனும் லொரிண்டா செரியும் ஒளிபுகாக் கோளங்களால் மூலக்கூறுகளை வரையும் நிரலொன்றை வெளியிட்டனர். உள்ளே புதைந்த அணுக்களைக் காண, ஒரு வெட்டுத்தளத்துக்கு முன்னால் உள்ளவற்றை நீக்கும் வசதியும் மென்பொருள்களில் சேர்ந்தது.

நீர் தொடும் பரப்பு

மறைப்பு பார்க்கும் கோணத்தோடு மாறுவது. வேதியியலாளருக்கோ கோணத்தைச் சாராத அளவு தேவைப்பட்டது. 1971இல் பி. லீ, பிரெடெரிக் ரிச்சர்ட்ஸ் இருவரும் நீர் மூலக்கூறை 1.4 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு, அதைப் புரதத்தின் மேல் உருட்டுவதாகக் கணக்கிட்டனர். அக்கோளம் தொடக்கூடிய அணுவே வெளிப்பட்ட அணு. 1983இல் மைக்கேல் கனோலி இத்தகைய பரப்பைத் துல்லியமாகக் கணக்கிட்டு வரையும் வழியைத் தந்தார்.

கட்டளைகள்

மேசைக் கணினிகள் பரவியபின் பயனரின் விருப்பம் முதன்மை பெற்றது. 1993இல் ரோஜர் செய்ல் வெளியிட்ட ராஸ்மால் மென்பொருளில், தேர்ந்தெடுத்த அணுக்களை மட்டும் விட்டு மற்றவற்றை அகற்ற ஒற்றைக் கட்டளை போதும். ஜேமால் என்னும் மென்பொருள் இதில் ஒரு வேறுபாட்டைக் கொண்டுவந்தது: மறைத்த அணு தன் வடிவத்தையும் நிறத்தையும் இழப்பதில்லை, மீண்டும் காட்டச் சொன்னால் முன்பிருந்தபடியே வரும். வாரன் டிலானோ 2000இல் வெளியிட்ட பைமாலில் கோடு, குச்சி, கோளம், ரிப்பன் ஆகிய வடிவம் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டவோ மறைக்கவோ முடியும். ஏற்றிய மூலக்கூறு இயக்கத்தில் இருந்து, அணுவின் ஒரு வடிவமாவது காட்டப்பட்டால் அவ்வணு தெரிவதாகப் பைமால் எண்ணுகிறது. ஆகவே, முன்னுள்ள அணுக்களால் முழுதும் மறைந்த அணுவும் இவ்விதிப்படி தெரிவதே. சைமேரா என்னும் மென்பொருளோ, புரத முதுகெலும்பைப் பட்டையாகக் காட்டும் ரிப்பன் வரையப்பட்டிருக்கையில் அம்முதுகெலும்பின் அணுக்களை இயல்பாகவே மறைத்துவிடுகிறது.

எந்த விதிக்கும் முன்நிபந்தனை, தரவுக் கோப்பில் அணுவின் ஆயத்தொலைவுகள் இருப்பது. ஹைட்ரஜன் எக்ஸ் கதிர்களை மிகக் குறைவாகவே சிதறடிப்பதால் அக்கதிர்களால் கண்டறிந்த பல புரதங்களின் கோப்புகளில் அதற்கு இடமில்லை. மென்பொருளே கணித்துச் சேர்த்தால்தான் உண்டு.

அளவாக மாறிய தெரிநிலை

2006இல் இத்தாலியில் மார்க்கோ தரினி குழுவினர் உருவாக்கிய கியூட்மால், ஒவ்வொரு புள்ளியும் எத்தனை திசைகளில் வெளிக்குத் திறந்திருக்கிறது என்று கணக்கிட்டு அதற்கேற்ப ஒளியூட்டியது. ஆழத்தில் உள்ள அணுக்கள் இருண்டன. சுழற்றாத படத்திலேயே புரதத்தின் குழிகள் புலப்பட்டன. உண்டு, இல்லை என்று மட்டும் குறிக்கப்பட்ட தெரிநிலை இங்கே படிப்படியான அளவாயிற்று.