கொத்து அரிசியின் விலையை யாரிடம் கேட்டார்கள்?

1953 ஜூலை நடுப்பகுதி வரை இந்த நாட்டில் கூப்பனுக்குக் கிடைத்த அரிசி ஒரு கொத்து 25 சதம். அந்த மாதம் முடிவதற்குள் அது 70 சதமாகிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி, நாடு ஒரு நாள் நின்றுபோனது. அதைத்தான் வரலாற்றில் ஹர்த்தால் என்கிறோம்.

வகுப்பில் இந்த விடயத்தை நாங்கள் சில நிமிடங்களில் கடந்து போகிறோம். காரணம், விளைவு, ஆண்டு, பிரதமர் பெயர். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார்: "இவ்வளவு கூட்டுறதுக்கு முதல் சனங்களிட்ட கேட்கல்லயா, சேர்?" அந்தக் கேள்விக்கான விடை சில நிமிடங்களில் முடியாது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

அப்போதைய அரசாங்கத்துக்குப் பணக் கஷ்டம் இருந்தது உண்மை. கொரிய யுத்தம் தொடங்கியபோது இறப்பர் விலை உச்சத்துக்குப் போனது, பிறகு விழுந்தது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. நாமோ அன்று அரிசியில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கித் தின்ற நாடு. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது இந்த நெருக்கடியில்தான். வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்து வருடத்துக்கு. அமெரிக்காவின் கோபத்தையும் மீறிச் செய்த காரியம் அது. அப்படியிருந்தும் அரிசிக்குக் கொடுத்த மானியம் திறைசேரியை அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஏதாவது செய்ய வேண்டியிருந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆலோசனையே கேட்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. உலக வங்கியின் தூதுக்குழு ஒன்று வந்து, ஆராய்ந்து, 1952இல் பெரிய அறிக்கை கொடுத்திருந்தது. 1950இல் தொடங்கிய மத்திய வங்கி இருந்தது, அதன் முதலாவது ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். உணவு மானியத்தைக் குறையுங்கள் என்பதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வந்த புத்தி. கூப்பன் கடையில் நிற்கிற ஆளிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1952 மே மாதம் பொதுத் தேர்தல் நடந்தது. டி.எஸ். சேனநாயக்க காலமாகி, மகன் டட்லி பிரதமராகி இரண்டு மாதம். 25 சத அரிசி தொடரும் என்று சொல்லித்தான் ஐக்கிய தேசியக் கட்சி வாக்குக் கேட்டது, வென்றது. சனம் அதை நம்பி வாக்குப் போட்டு பதினான்கு மாதத்தில் விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கோபம் 45 சதத்துக்காக மட்டும் வந்த கோபம் அல்ல என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தவர்கள் இடதுசாரிகள். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன போன்றவர்கள் முன்னின்றார்கள். தமிழரசுக் கட்சியும் ஆதரவு கொடுத்தது. மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் தண்டவாளங்களைக் கழற்றினார்கள், வீதிகளில் மரங்களைத் தறித்துப் போட்டார்கள். அவசரகாலச் சட்டம் வந்தது, ஊரடங்கு வந்தது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். அமைச்சரவை அன்று கூடியது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாண்ட்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். சுதந்திரம் கிடைத்து ஐந்தரை வருடத்தில், சொந்தச் சனத்துக்குப் பயந்து முன்னாள் எசமானின் கப்பலில் ஏறிக் கூட்டம் வைத்த அரசாங்கம்! ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமராக வந்ததும் அரிசி விலையைக் குறைத்தார். ஜே.ஆருக்குப் புதிய அமைச்சரவையில் கிடைத்த பொறுப்பு என்ன தெரியுமா? விவசாயமும் உணவும்.

அதன் பிறகு அரிசியில் கை வைக்க எல்லாருக்கும் பயம். 1962இல் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டு அரிசியைக் குறைக்கப் போய், சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் பதவி விலக நேர்ந்தது. 1966 டிசம்பரில் மீண்டும் பிரதமராக இருந்த அதே டட்லி பங்கீட்டைப் பாதியாக்கினார், ஆனால் மீதிப் பாதியை இலவசமாகக் கொடுத்தார். பட்ட அடி மறக்கவில்லை. ஜே.ஆர். ஜனாதிபதியான பிறகு 1978இலும் 79இலும் படிப்படியாகத்தான் பங்கீட்டை நிறுத்தி உணவு முத்திரைக்குப் போனார். அப்போதும் சனத்திடம் கேட்டுச் செய்ததாக நாங்கள் சொல்ல வரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவர் படித்தது, ஒரே இரவில் செய்யக் கூடாது என்பதை மட்டும்தான்.

கேட்டுச் செய்த காலமும் இந்த நாட்டில் இருந்தது. எங்களைப் போன்றவர்கள் இன்று ஆசிரியராக நிற்பதற்குக் காரணமான இலவசக் கல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரவின் தலைமையில் விசேட குழு 1940இல் நியமிக்கப்பட்டது. அறிக்கை வந்தது 1943இல். இடையில் மூன்று வருடம் சாட்சியங்கள், மகஜர்கள், வாதங்கள். அறிக்கை வந்த பிறகும் லேசில் போகவில்லை. இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் அரசாங்க சபைக்குள்ளேயே இருந்தார்கள். நடைமுறைக்கு வந்தது 1945 ஒக்டோபரில். அன்றும் நாட்டிடம் கொட்டிக் கிடந்த பணம் ஒன்றுமில்லை. இன்று வரை எந்த அரசாங்கமும் அதை வெளிப்படையாக எடுத்தெறியத் துணியவில்லை என்றால், அந்த ஐந்து வருட இழுபறிக்கும் அதில் பங்குண்டு.

கொழும்பை விட்டு எங்கள் பக்கம் வருவோம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, இறக்காமம் வட்டைகளில் வயல் செய்கிற எவருக்கும் போகத்துக்கு முன் நடக்கிற ஆரம்பக் கூட்டம் தெரியும். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமையில் இருப்பார். நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநலமும் வந்திருக்கும். விவசாயிகள் எழும்பிப் பேசுவார்கள். தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிக்கிற திகதி, மாடுகளை அப்புறப்படுத்துகிற திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகும். சத்தம் வரும், சிலவேளை சண்டையும் வரும். ஆனாலும் திகதி முடிவாகாமல் கூட்டம் கலைவது அபூர்வம்.

இது நேற்று வந்த ஏற்பாடல்ல. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய வழக்காறுகளைத் தேடி எடுத்துச் சட்டமாக்கியது. காணிச் சொந்தக்காரர்கள் கூடி முடிவெடுப்பது, அந்த முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்துவது என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. வன்னிமையும் வட்டவிதானையும் இருந்த எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் அது முன்பே இருந்த நடைமுறை. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியதும் வோர்ட்டின் காலத்தில்தான். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் குரல் காணிக்காரருக்கு, போடிமாருக்கு. சேற்றில் இறங்கி வேலை செய்த முல்லைக்காரனிடம் அன்று ஒருவரும் கேட்கவில்லை. 1958இல் நெற்காணிச் சட்டத்தின் மூலம் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தபோதுதான், வயல் செய்கிறவனே வாக்குப் போட்டுக் குழு தெரிகிற உரிமை சட்டத்தில் ஏறியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் யார்? ஹர்த்தாலில் முன்னின்ற அதே பிலிப் குணவர்தன.

தண்ணீர் எப்போது திறப்பது என்று கேட்கிற அரசாங்கம், உரம் வேண்டுமா என்று 2021இல் கேட்கவில்லை. அந்த வருடம் மே மாதம் வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்னது பத்து வருடத்தில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவது. பத்து வருடம் ஒரு வர்த்தமானிக்குள் சுருங்கியது. விவசாய விஞ்ஞானிகள் எழுதினார்கள், விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், கொடும்பாவி எரித்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்து நெல் விளைச்சல் முந்திய வருடத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு நட்டஈடு, பிறகு அரிசி இறக்குமதி. தடையைக் கொண்டுவந்தவரே 2022 ஏப்ரலில் அது பிழை என்று ஒத்துக்கொண்டார். அதற்குள் எங்கள் ஊரில் எத்தனை பேர் நகையை அடகு வைத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் 1953இலும் இருந்தது, 2021இலும் இருந்தது. இரண்டு தடவையும் மிஞ்சியது செலவுதான்.

எங்கள் ஆட்களிலும் குறை இருக்கிறது. கந்தூரிக்கு எத்தனை மூடை அரிசி போடுவது என்பதற்கே மஷூரா வைக்கிற சமூகம் நாம். ஆனால் அண்மைய வருடங்களில் நிதி அமைச்சு வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் யோசனைகளைக் கேட்கத் தொடங்கியபோது எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் எழுதியவர் ஒருவருமில்லை. "எழுதினா மட்டும் கேட்டுருவானுகளா?" என்பதுதான் பதில். அந்தச் சலிப்பிலும் நியாயம் உண்டு. வெட்டு நடக்கிற நாளில், காலை பத்து மணிக்கு, மண்டபத்தில் கருத்துக் கேட்கிற கூட்டம் வைத்தால் வருகிறவர் யார்? முதலாளிமாரும் அரசியல்வாதியின் ஆட்களும்தான். ஒரு தடவை எங்கள் பகுதியில் அப்படியொரு கூட்டத்துக்கான அழைப்பு தனிச் சிங்களத்தில் வந்தது. வாசித்துச் சொல்ல ஆள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

இப்போது நெல் விலை. 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் கொள்வனவு விலையை அறிவித்தது: நாடு 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132. வெள்ளத்தில் தப்பிய வயல்களில் எங்கள் பக்கம் அறுவடை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நாட்டிலேயே முந்தி வெட்டுகிற மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. அறிவிப்பு வருமுன் களத்துமேட்டிலேயே ஈர நெல்லை வியாபாரியிடம் கொடுத்தவனுக்கு 120 ரூபாயால் என்ன பயன்? கடன்காரன் பெப்ரவரி 5 வரை பொறுத்திருப்பானா?

தண்ணீர்த் திகதி விதைப்புக்கு முன் முடிவாகிறது. நெல் விலையின் அடிமட்டமும் அதே ஆரம்பக் கூட்டத்துக்கு முன் அறிவிக்கப்பட வேண்டும், உற்பத்திச் செலவைக் கமக்காரர் அமைப்புகளிடம் கேட்டுக் கணக்கிட வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு எங்கள் ஊரின் யோசனையாக இதைத்தான் எழுத நினைத்திருக்கிறோம். அதற்குக் கணக்கு வேண்டும். ஒரு ஏக்கருக்கு உழவு, விதைநெல், உரம், மருந்து, வெட்டு மெசின் கூலி, ஏற்று கூலி, குத்தகை எல்லாம் கடந்த இரண்டு போகத்துக்கும் எவ்வளவு போனது, நெல்லை எந்தத் திகதியில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதன் படம் போதும். குத்தகைக்குச் செய்கிறவர்களும் கட்டாயம் தர வேண்டும், காணிக்காரரின் கணக்கு மட்டும் போதாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது எங்கள் பொறுப்பு. அஸருக்குப் பிறகு பாடசாலையில் நாங்கள் நான்கைந்து பேர் இருப்போம்.