சில்லறைக்கு ஒரு சண்டை

திண்டுக்கல்லில் வெங்காய மண்டிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நான் பார்த்த ஒரு மண்டியில், எடை போட்டு, கமிஷன் கழித்து, சீட்டை நீட்டும்போது கணக்குப்பிள்ளை சொல்வார்: ‘சில்லறையை விட்ருங்கண்ணே!’ ரூபாய்க்குக் கீழே இருப்பதெல்லாம் பூஜ்யம். சம்சாரியும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பி.காம். படித்த பாவத்துக்கு எனக்குத்தான் உறுத்தும்.

கம்ப்யூட்டர்களில் பலவும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தன. புள்ளி வைத்த எண் ஒன்று அளவுக்கு மீறிச் சிறிதாகிவிட்டால், பூஜ்யம் என்று எழுதிவிடும்.

போனால் போகிறது என்கிறீர்களா? இரண்டு எண்கள், வேறு வேறானவை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை பூஜ்யம்! ‘இரண்டும் சமமில்லையே’ என்று நம்பி, புரோகிராம் அந்த வித்தியாசத்தால் எதையாவது வகுக்கப் போகும். அவ்வளவுதான், கணக்கு குடை சாய்ந்துவிடும்.

நம் முப்பாட்டன்கள் இதில் கெட்டி. 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்தார்கள். அதோடு விட்டார்களா? முந்திரியையும் 320 ஆக நறுக்கி, கீழ்முந்திரி என்றார்கள். அதாவது 1,02,400-ல் ஒன்று. ‘இம்மி பிசகாமல்’ என்கிறோமே, அந்த இம்மி அதைவிடவும் பொடிசு.

அமெரிக்காவில் இந்தப் பிடிவாதம் வில்லியம் கஹான் என்ற கணிதப் பேராசிரியருக்கு இருந்தது. பூஜ்யத்தில் தொப்பென்று விழக்கூடாது, துல்லியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தாலும் படிப்படியாகத்தான் இறங்கவேண்டும் என்றார். அந்தப் படிகளில் நிற்கும் எண்களுக்குப் பெயர் சப்நார்மல். டெக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய வாக்ஸ் கம்ப்யூட்டர்கள் சில்லறையைத் தள்ளுகிற ஜாதி. கஹானின் யோசனையை அலசச் சொல்லி, ஜி.டபிள்யூ. ஸ்டூவர்ட் என்ற நிபுணரை அவர்களே அமர்த்தினார்கள். 1981-ல் பாஸ்டன் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னது: மொத்தத்தில் கஹான் வழிதான் சரி!

1985-ல் அது ஐஇஇஇ 754 என்ற தர விதியானது. 1989-ல் கஹானுக்கு ட்யூரிங் விருது. 1999-ல் சி மொழியில், ‘இந்த எண் என்ன ரகம்?’ என்று கேட்கவே ஒரு வசதி வந்தது. விடைகள் ஐந்து: சாதாரணம், சப்நார்மல், பூஜ்யம், முடிவிலி, ‘எண்ணே இல்லை’. சில்லறைக்குத் தனி நாற்காலி!

வேகம்தான் முக்கியம் என்பவர்களுக்காக, சில்லறையைத் தள்ளும் வசதி இன்றைய சிப்களிலும் இருக்கிறது. பெரும்பாலும் அதை நாமாகக் கேட்டு வாங்கவேண்டும்.