ஆயுதக் கிடங்குக்குள் அப்பா

போன வாரம் உங்களை 1935 ஜனவரி 1-ம் தேதி வாசலில் நிறுத்தியிருந்தேன். ரோட் ஐலண்ட் மாநிலம், பிராவிடன்ஸ் நகரத்து வெள்ளைப் பளிங்குச் சட்டமன்றக் கட்டடம். செனட் சபையில் தலைமை நாற்காலியில் லெப்டினன்ட் கவர்னர் ராபர்ட் எம்மெட் க்வின். கவர்னர் தியோடர் ஃபிரான்சிஸ் கிரீன் கைக்கடிகாரத்தைப் பார்க்காத குறையாகக் காத்திருக்கிறார். அவர் அப்படியே காத்திருக்கட்டும், பொறுமைசாலி. 93 வயது வரை அமெரிக்க செனட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

கிரீன் பழைய புராட்டஸ்டன்ட் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிறந்த வர்க்கத்தையே எதிர்த்து நின்றவர். ரோட் ஐலண்ட் வரலாற்றில் இதே ஜாதகத்தோடு இன்னொருவர் இருக்கிறார். கிரீன் ஜெயித்ததைச் சொல்லவேண்டுமானால், தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் அந்த இன்னொருவர் தோற்ற கதையைத்தான் முதலில் சொல்லவேண்டும். அவர் பெயர் தாமஸ் வில்சன் டோர்.

அப்பா சல்லிவன் டோர் சீனத்துக் கான்டன் வியாபாரத்தில் சம்பாதித்தவர். பெனிஃபிட் தெருவில் அவர் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. அம்மா லிடியா, ஆலன் வீட்டுப் பெண். தாய்மாமன்மார் பஞ்சாலை முதலாளிகள். பிள்ளை ஹார்வர்டில் படித்தார், நியூயார்க்கில் பெயர்பெற்ற நீதிபதி கென்ட்டிடம் சட்டம் பயின்றார். குள்ளம், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. பேசாமல் வக்கீல் தொழில் பார்த்திருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது.

ஆனால் மனிதருக்கு ஒரு கணக்கு உறுத்தியது. 1663-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் கொடுத்த சாசனத்தை வைத்துக்கொண்டே மாநிலம் 1840-களிலும் ஆட்சி செய்தது. மற்ற மாநிலங்களெல்லாம் ராஜாவின் காகிதத்தை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டன. 134 டாலர் மதிப்புள்ள நிலம் இருந்தால் ஓட்டு, அல்லது அப்படிப்பட்டவரின் மூத்த மகனாக இருந்தால் ஓட்டு. பஞ்சாலையில் தறி ஓட்டியவன், கடையில் வேலை பார்த்தவன், இளைய மகன் எல்லாரும் வெளியே. வயதுவந்த ஆண்களில் பாதிக்கு மேல் ஓட்டில்லாதவர்கள். ஆள்பவர்களோ பாப்டிஸ்ட், குவேக்கர், எபிஸ்கோபல், காங்கிரிகேஷனல் என்று புராட்டஸ்டன்ட் மதத்தின் அத்தனை கிளைகளிலிருந்தும் வந்த நிலக்காரர்கள். கோயில் வேறு வேறு, வயல் மட்டும் எல்லாருக்கும் இருந்தது.

மனசாட்சிச் சுதந்திரத்துக்காக ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கிய பூமி அது. அந்தப் பூமியின் சட்டப் புத்தகத்திலேயே, 1719-ல் அச்சிட்டபோது, கத்தோலிக்கருக்கு ஓட்டுரிமை இல்லை என்று ஒரு வரி சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அது நீங்கியது 1783-ல். சுதந்திரப் போரில் உதவ வந்து நியூபோர்ட்டில் குளிர்காலம் கழித்த பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சிப்பாய்களுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டிருக்க வெட்கமாகப் போய்விட்டது போலும்.

சாசனத்தைத் திருத்தச் சொல்லி டோர் சட்டசபைக்குள்ளேயே மோதிப் பார்த்தார். நடக்கவில்லை. 1841-ல் அவரும் கூட்டாளிகளும் தாங்களே ஒரு மாநாடு கூட்டி, தாங்களே ஓர் அரசியல் சட்டம் எழுதி, தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறத்தாழ 14,000 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். 1842 ஏப்ரலில் மாநிலத்துக்கு இரண்டு கவர்னர்கள். சாசனப்படி சாமுவேல் வார்டு கிங், மக்கள் சட்டப்படி தாமஸ் டோர். கிங்கின் ஆட்கள் விட்டார்களா? டோர் பதவி ஏற்றால் ஆயுள் தண்டனை என்று முன்கூட்டியே சட்டம் போட்டார்கள். அல்ஜியர்ஸ் கொடுங்கோலன் பெயரால் அதை 'அல்ஜெரின் சட்டம்' என்று ஊர் கேலி செய்தது.

மே 3-ம் தேதி டோரின் சட்டசபை கூடியபோது அரசுக் கட்டடம் பூட்டிக்கிடந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் டோர். கூட்டாளிகள் தயங்கினார்கள். பாதி கட்டியிருந்த ஒரு வார்ப்பாலைக் கொட்டகையில் போய் உட்கார்ந்து சட்டம் இயற்றினார்கள். அன்றைக்கு அந்தப் பூட்டை உடைத்திருந்தால் நான் இந்த வாரம் வேறு கதை எழுதிக்கொண்டிருப்பேன். கூடியிருந்தவர்களுக்கு வீரம் இருந்தது, வில்லங்கத்துக்கு மனசு இல்லை.

டோர் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ஜான் டைலரைப் பார்த்தார். வெறுங்கை. நியூயார்க்கில் டம்மானி ஹால் என்ற அரசியல் அமைப்பின் ஆட்கள் மாலை மரியாதை செய்து, ஒரு வாளையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாள்தான் வினை. கையில் வாளோடு பிராவிடன்ஸுக்கு ஊர்வலமாக வந்து இறங்கினார். ஃபெடரல் ஹில்லில் பரிங்டன் ஆன்டனியின் வீடு அவருடைய தலைமையகம். அங்கே நின்று வாளைச் சுழற்றி, உயிரைக் கொடுப்பேன் என்றார். எனக்கு மனிதரை ரொம்பப் பிடிக்கும், ஆனால் அந்த வாளை அவர் ரயிலிலேயே மறந்துவிட்டு வந்திருக்கலாம்.

மே 17 இரவு. ஃபெடரல் ஹில்லிலிருந்து நடந்து போகும் தூரத்தில், டெக்ஸ்டர் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் மாநில ஆயுதக் கிடங்கு. இரண்டு மாடிக் கல் கட்டடம். டோருடன் இருநூற்றுச் சொச்சம் பேர், இரண்டு பழைய பீரங்கிகள். சுதந்திரப் போரில் ஆங்கிலேயத் தளபதி பர்கோய்னிடமிருந்து பிடித்தவை என்று ஊரில் பெருமையாகச் சொல்லப்பட்டவை. நள்ளிரவு தாண்டி மைதானத்தில் மூடுபனி இறங்கியது. பக்கத்தில் நிற்பவனின் முகம் தெரியாத பனி.

கட்டடத்துக்குள்ளும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. துப்பாக்கியோடு ஜன்னலோரம் நின்ற அந்தக் காவலர்களில் ஒருவர் சல்லிவன் டோர். அறுபதைக் கடந்த அப்பா. இன்னொருவர் கிராஃபோர்டு ஆலன், தாய்மாமன். இந்தக் காரியம் வேண்டாமென்று பெற்றோர் மகனுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சிப் பார்த்தவர்கள்தான். கெஞ்சிய கையில் இப்போது துப்பாக்கி.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே இருந்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சின்ன ஊர். யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பதுகூட எல்லாருக்கும் தெரிந்திருக்கும். டோர் வெள்ளைக்கொடியோடு ஆள் அனுப்பிச் சரணடையச் சொன்னார். முடியாது என்று பதில் வந்தது. பீரங்கிக்குத் தீ வைக்க உத்தரவிட்டார்.

திரியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். வெடிக்கவில்லை. மறுபடி தீ வைத்தார்கள். மறுபடி அதே பளிச், அதே மௌனம். மருந்து நமுத்துவிட்டது என்பார் ஒரு சாரார். சொந்த ஆட்களே துவாரத்தை அடைத்துவிட்டார்கள் என்பார் இன்னொரு சாரார். பனிக்குள் ஒவ்வொருவராக நழுவினார்கள். விடியும்போது மிச்சம் நின்றவர்கள் ஒரு சிறு கும்பல்தான். ஃபெடரல் ஹில்லுக்குத் திரும்பினால், அவருடைய அரசாங்கத்தார் ராஜினாமா செய்துவிட்ட சேதி காத்திருந்தது. டோர் மாநில எல்லை தாண்டினார். ஜூனில் செபாசெட் கிராமத்தில் மறுபடி ஆள் திரட்டிப் பார்த்தார், அதுவும் சண்டையில்லாமலே கலைந்தது.

அந்த இரவைக் கேலி செய்து 'டோரியாட்' என்று ஒரு நையாண்டிக் காவியம் எழுதினார் 'பிராவிடன்ஸ் ஜர்னல்' ஆசிரியர் ஹென்றி ஆன்டனி. பின்னாளில் கவர்னர், கால் நூற்றாண்டு அமெரிக்க செனட்டர். இந்தத் தொடரில் எனக்குப் பிடிக்காதவர்கள் பட்டியலில் முதலிடம் இவருக்குத்தான். தோற்றவனைப் பார்த்துக் கவிதை எழுதுகிறவனை நம்பக் கூடாது.

ஹென்றி ஆன்டனியின் கட்சிக்காரர்கள் பிரித்தாளும் வித்தையில் கெட்டிக்காரர்கள். டோர் ஜெயித்தால் ஐரிஷ் கத்தோலிக்கர்களும் அவர்களுடைய பாதிரிகளும் மாநிலத்தை ஆள்வார்கள் என்று துண்டுப் பிரசுரம் அடித்து ஒட்டினார்கள். மறுபக்கம் டோர் தரப்பிலும் ஓட்டை இருந்தது. மக்கள் சட்டம் ஓட்டுரிமையை வெள்ளையருக்கு மட்டுமே கொடுத்தது. டோர் அந்த ஒரு சொல்லை எதிர்த்துப் பேசித் தோற்றார், பிறகு விழுங்கிக்கொண்டார். கறுப்பின விடுதலைப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ் நேரிலேயே வந்து அந்தச் சட்டத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். நியாயம் டக்ளஸ் பக்கம் என்பேன். கலகத்தின்போது கறுப்பின மக்கள் சாசன அரசின் பக்கம் நின்றார்கள். அடுத்து வந்த புதிய அரசியல் சட்டத்தில் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. உள்நாட்டில் பிறந்தவனுக்கு நிலம் வேண்டாம் என்றானது. வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவனுக்கு மட்டும் அதே 134 டாலர் நிலம். யாரைக் குறிவைத்தது என்று ஐரிஷ்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

1843 அக்டோபரில் டோர் தானாகவே திரும்பி வந்து கைதானார். நியூபோர்ட்டில் விசாரணை, தலைமை நீதிபதி ஜோப் டர்ஃபி. கடின உழைப்புடன் ஆயுள் தண்டனை, அதுவும் தனிமைச் சிறை. பிராவிடன்ஸ் சிறையில் அவர் அடைபட்டிருந்தபோதுதான், 1845 பிப்ரவரி 14-ல், அதே சிறை முற்றத்தில் ஜான் கார்டன் என்ற ஐரிஷ் கத்தோலிக்கர் தூக்கிலிடப்பட்டார். ஆலை முதலாளி அமாசா ஸ்பிரேக்கைக் கொன்றதாக வழக்கு. சாட்சியம் சந்தேகத்துக்குரியது, ஜூரியில் ஒரு ஐரிஷ் கத்தோலிக்கர்கூட இல்லை. உள்ளூர்க்காரர் சாட்சியை ஐரிஷ்காரர் சாட்சிக்கு மேலாக எடைபோடச் சொன்ன நீதிபதியும் டர்ஃபிதான். கார்டனுக்காக வாதாடிய சாமுவேல் அட்வெல், டோர் கட்சிக்காரர். இந்த வழக்கின் உறுத்தல்தான் 1852-ல் மாநிலம் மரண தண்டனையை ஒழித்ததற்கு ஒரு காரணம். கார்டனுக்கு மன்னிப்பு வந்தது 2011-ல், கவர்னர் லிங்கன் சேஃபி கையெழுத்தில்.

டோர் ஒரு வருடத்தில் வெளியே வந்தார், உடம்பு போய்விட்டது. 1851-ல் அவருடைய குடியுரிமைகள் திரும்பக் கிடைத்தன. அப்போது கவர்னராக இருந்தவர் இன்னொரு தாய்மாமன், ஃபிலிப் ஆலன். 1854 டிசம்பரில் டோர் இறந்தார்.

ஐரிஷ்காரர்களுக்கான நில நிபந்தனை 1888 வரை நீடித்தது. அது போன பிறகும் நகரசபைத் தேர்தலில் சொத்துவரி கட்டினால்தான் ஓட்டு, அது 1928 வரை. செனட்டில் ஊருக்கு ஓர் உறுப்பினர். 1900-ல் அறுநூறு பேர் வாழ்ந்த வெஸ்ட் கிரீன்விச்சுக்கு ஒன்று, ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த பிராவிடன்ஸுக்கும் ஒன்று. கிராமத்துப் புராட்டஸ்டன்ட் ஓட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, அந்த செனட்டை வைத்து மாநிலத்தையே ஆட்டிவைத்தார் சார்லஸ் பிரேட்டன், கண் பார்வை போன பிறகும். சட்டமன்றக் கட்டடத்தில் ஷெரிஃப் அறையில் உட்கார்ந்துகொண்டே. முதல் ஐரிஷ் கத்தோலிக்க கவர்னர் ஜேம்ஸ் ஹிக்கின்ஸ் 1907-ல் அவரை அந்த அறையிலிருந்து கிளப்பினார். நாற்காலி போனது, செனட் போகவில்லை.

கிரீன் குறிவைத்தது அந்த செனட்டைத்தான். 1935 புத்தாண்டு காலையில் அங்கே குடியரசுக் கட்சிக்கு 22, கிரீனின் ஜனநாயகக் கட்சிக்கு 20. சவுத் கிங்ஸ்டவுன், போர்ட்ஸ்மத் என்ற இரண்டு ஊர் உறுப்பினர்களுக்கு மட்டும் பதவிப் பிரமாணம் செய்துவைக்க க்வின் மறுக்கிறார். ஏன் மறுத்தார், வாக்குச்சீட்டுப் பெட்டிகள் எங்கே போயின என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)