கருவின் மண்டையோட்டுக் கணினி மாதிரிகளில் மூளைக்கு உரிய இடம்

மண்டையோட்டின் மேற்கூரை எலும்புகள் குருத்தெலும்பு நிலையைக் கடக்காமல், சவ்வுத் திசுவிலிருந்து நேரடியாக உருவாகின்றன. கருவின் ஏழு, எட்டாம் வாரங்களில் எலும்பாக்க மையங்கள் தோன்றிச் சுற்றிலும் பரவுகின்றன. ஏறத்தாழ 18ஆம் வாரத்தில் எலும்பு விளிம்புகள் நெருங்கும் இடங்களில் தையல் மூட்டுகள் அமைகின்றன. இந்த நிகழ்வைக் கணக்கிடும் மாதிரி எதுவானாலும், உள்ளே வளரும் மூளையின் உண்மையான வடிவத்தை அதில் சேர்த்தே தீரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வினைபுரியும் இரண்டு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், சீரான பரப்பிலும் புள்ளிகளும் பட்டைகளும் தாமாகத் தோன்றும் என்று 1952இல் ஆலன் டூரிங் காட்டினார். அதே கணக்கைக் கொண்டு, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரிச்ட்ஸ்மையர், ரூபன் கிராஃப்ட் ஆகியோரின் குழு, எலிக்கருவில் எலும்பு எங்கே தொடங்கும் என்று 2015இல் கணித்தது. தொடங்கும் இடத்தைச் சொல்ல இது போதும். மூட்டு திறந்தே இருக்குமா, தலை எந்தப் பக்கம் நீளும் என்பதற்கு வேதியியல் மட்டும் போதாது. அக்குழுவே பின்னர் திசுவில் ஏற்படும் திரிபையும் கணக்கில் சேர்த்தது.

எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுப் பிறழ்வால் ஏபர்ட் நோய்த்தொகையில் மூட்டுகள் முன்கூட்டியே மூடுகின்றனவே, இதில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூட்டு மூடுவதற்கு மரபணு காரணம். மூடியபின் தலை எப்படி உருமாறும் என்பதை மூளையின் தள்ளுவிசையே தீர்மானிக்கிறது. மூடிய மூட்டுக்குச் செங்குத்துத் திசையில் வளர்ச்சி தடைப்பட்டு, இணைத் திசையில் தலை நீள்வதை ருடால்ஃப் விர்ஹோ 1851இலேயே விளக்கினார். மூளைநீர் தேங்கிய குழந்தைக்கு மூட்டுகள் அகன்றுவிடுவதும் இதற்குச் சான்று. மூட்டுகள் முன்கூட்டியே மூடும் குறைபாடு சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது என்பதால், அறுவை மருத்துவருக்கு இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று.

எலும்பின் தன்மையையும் கவனிக்க வேண்டும். கருவின் சுவரெலும்பை ஒளியில் பிடித்துப் பார்த்தால், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஊசிபோன்ற எலும்பிழைகள் விரிந்திருப்பது தெரியும். இழைவாக்கில் அது விறைப்பு. குறுக்கே எளிதில் வளையும். திருப்பூர்ப் பனியன் துணி நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் இழுபடுவதைப் போன்றதுதான் இது. எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு என்று எடுத்துக்கொள்ளும் மாதிரி இதைத் தவறவிடும்.

மூளை வடிவத்துக்கான தரவு இப்போது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ வரைபடத்தில், 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகளின் 5,132 நுண்சீவல்கள் உள்ளன. மூட்டுகள் உருவாகும் காலமும் அதுவே! எலியின் தலையை வைத்து மனிதக் குழந்தையை ஊகிக்கும் நிலை இதனால் பெருமளவு மாறக்கூடும்.

ஆனால் தரணி மூளைக்கான வரைபடம். எலும்பு அதில் இல்லை. ஒவ்வொரு வயதுக்கும் ஒரே ஒரு மூளை என்பதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் தெரியாது. இனி இத்தகைய கருக்கள் ஆய்வுக்கு வரும்போது, பெற்றோர் இசைவுடன், மூளையை வெளியே எடுக்கும் முன்பே மண்டையோட்டை நுண் சிடி ஸ்கேன் எடுத்துப் பாதுகாக்க வேண்டும். இதை நம் மருத்துவக் கல்லூரிகளும் பொறியியல் துறைகளும் கூடிச் செய்ய முன்வர வேண்டும்.