1084: ஓர் எண்ணும் இரண்டு அன்னையரும்

அரச வன்முறைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அன்னையரின் இயக்கங்களை ஆராய்வோர், தாய்மையே பெண்களை ஒன்றுதிரட்டிவிடுகிறது என்று எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். 1970களின் கல்கத்தா இம்முடிவை ஐயுறச் செய்கிறது.

நக்சல்பாரி எழுச்சியை ஒடுக்கிய ஆண்டுகளில் அந்நகர இளைஞர் பலர் கொல்லப்பட்டனர். 1971 ஆகஸ்ட் 12, 13 ஆகிய நாள்களில் காசிப்பூர், வராநகர் பகுதிகளில் நிகழ்ந்தது படுகொலை. மறு ஆண்டு ஜனநாயக உரிமைகள் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1977இல் இடது முன்னணி அரசு அரசியல் கைதிகளை விடுவித்தது. கொல்லப்பட்டோரின் அன்னையர்க்கோ சிறைவாயிலில் எதிர்கொண்டு அழைக்க எவரும் இல்லை.

இவ்வன்னையரின் நிலையை 1974இல் நூலாக வெளிவந்த மகாசுவேதா தேவியின் '1084இன் அம்மா' நாவல் கூர்மையாகப் பதிவு செய்தது. கரியாஹாட்டை அடுத்த பாலிகஞ்ச் ரயில் நிலையச் சாலையில் பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், தென் கல்கத்தா நடுத்தர வர்க்கத்தை அணுக்கமாக அறிந்தவர். 1084 என்பது பிணவறையில் சுஜாதாவின் மகனுக்கு இடப்பட்ட எண். அவன் பெயர் செய்தித்தாளில் வராதவாறு தந்தை செல்வாக்கைப் பயன்படுத்துகிறார். குடும்ப மானம் காக்கப்படுகிறது. மகன் இருமுறை அழிக்கப்படுகிறான். உடன் கொல்லப்பட்ட சோமுவின் ஏழைத் தாய் வாய்விட்டு அழுகிறாள். சுஜாதாவின் வீட்டில் அழுகைக்கும் இடமில்லை. துயரம் இருவரையும் அருகழைக்கிறது. வர்க்கம் மீண்டும் பிரிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1984இல் இத்தடை ஓரளவு தகர்ந்தது. இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கைதானபோது உருவான அன்னையர் முன்னணியில் பல வர்க்கப் பெண்களும் இணைந்து கச்சேரியை நோக்கி ஊர்வலம் சென்றனர். புவனோஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் 1977 ஏப்ரல் 30 அன்று முதன்முதலாகக் கூடிய பதினான்கு பெண்களும், பிள்ளைகளைத் தேடி அலுவலக வாயில்களில் காத்திருந்த காலத்திலேயே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

தாய்மை அன்று, காத்திருப்பே அவர்களை அமைப்பாக்கியது. வீட்டுக்குள் அடைபட்ட துயரம் அலுவலக வாசலில் மற்றொருத்தியின் துயரத்தைக் கண்டபோது கோரிக்கையாயிற்று. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தையும் இவ்வகையிலேயே வாசிக்க வேண்டும். அன்னையர் ஏந்திய புகைப்படங்களை நாம் போதிய அளவு ஆராய்ந்துவிட்டோம். அவர்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட வரிசைகளின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.